நடக்காத செவ்வாய்க்கிழமைகள்

கொட்டாஞ்சேனையில் பிறிஜெற் அக்காவின் மகள் யூஜினாவைத் தெரியாதவர்கள் குறைவு. அவளோடு பத்து நிமிடம் தொடர்ந்து கதைத்தவர்கள் அதைவிடக் குறைவு. கேட்டதற்குப் பதில் சொல்வாள். அதற்கு மேல் ஒரு சொல் வராது. முப்பத்தாறு வயது. பெண் பார்க்க இரண்டு முறை ஆட்கள் வந்து, ரோல்ஸ் சாப்பிட்டு, பிள்ளை நல்ல அடக்கம் என்று சொல்லிப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அம்மா அதற்காக இரண்டு கிழமை அழுதார். யூஜினா மிஞ்சிய ரோல்ஸை மறுநாள் கந்தோருக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுத்தாள்.

கந்தோர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இறக்குமதிக்காரர்களின் சாமான்களைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் சின்ன நிறுவனம். பதினான்கு வருஷமாக அங்கே ஆவணங்களுக்குப் பொறுப்பு யூஜினாதான். கப்பலில் வந்த சாமான் வெளியே வர வேண்டுமென்றால் கடதாசிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஒரு திகதி இடித்தால் போதும், சாமான் அங்கேயே கிடக்கும். இடிக்கிற திகதியைக் கண்டுபிடித்து இடிக்காமல் செய்வது அவளுடைய வேலை. அதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று முதலாளியே சொல்வார். அப்படித் திகதியைச் சரிசெய்வது ஒரு பொய் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சாமான் உண்மையாக வந்திருக்கிறது, காசு உண்மையாகக் கட்டியிருக்கிறது, கடதாசிதான் கொஞ்சம் பின்தங்கிவிட்டது, அவ்வளவுதான்.

கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரை தமிழில் படித்து, உயர்தரத்தை இங்கிலீஷில் படித்தவள். வேலை செய்துகொண்டே வெளிவாரிப் பட்டம் எடுத்தாள். முப்பத்துமூன்று வயதில் ஒரு சனிக்கிழமை போய் முதுமாணிப் படிப்புக்கும் பதிந்துவிட்டு வந்தாள். இந்த வயதில் இது என்னத்துக்கு என்று அம்மா கேட்டதற்கு, சும்மாதான் என்றாள்.

ஆனால் ஆய்வேட்டின் விஷயத்தைச் சொன்னபோது அம்மா அப்படிக் கேட்கவில்லை. கொச்சிக்கடைப் பக்கத்துப் பண்டகசாலைகளில் மிளகும் கறுவாவும் தரம் பிரிக்கும் பெண்களைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்னாள். பிறிஜெற் இருபத்திரண்டு வருஷம் செய்த வேலை அது. சாக்குத் தூசியில் இருந்து இருந்து வந்த இருமல் இன்னும் போகவில்லை. அன்றைக்கே தன்னோடு வேலை செய்தவர்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுத ஆரம்பித்துவிட்டார்.

மேற்பார்வைக்குக் கிடைத்தவர் ஜீவராணி மிஸ். யூஜினாவைவிட ஐந்து வயதுதான் கூட. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில், பாரிசவாதம் வந்து படுத்துவிட்ட அப்பாவோடு இருந்தார். கிழமை நாட்களில் பார்த்துக்கொள்ள வரும் பெண் மூன்று மணிக்குப் போய்விடுவாள் என்பதால், மிஸ்ஸும் வகுப்பு முடிந்தவுடன் பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருந்தது. யூஜினாவுக்கோ கந்தோர் ஐந்தரைக்குத்தான் முடியும். பல்கலைக்கழகத் துறையில் வைத்துச் சந்திப்பது இருவருக்கும் சரிவரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வர முடியுமா என்று மிஸ்தான் கேட்டார்.

அப்படி அவள் பத்தொன்பது ஞாயிற்றுக்கிழமைகள் போனாள். காலைப் பூசை முடிந்ததும் பஸ் ஏறினால் பத்தரைக்குள் வெள்ளவத்தை. சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பி இருவரும் இருப்பார்கள். மிஸ் பென்சிலால் வெட்டுவார், அம்புக்குறி போடுவார், ஓரத்தில் கேள்விக்குறி போடுவார். உள்ளறையிலிருந்து அப்பா கூப்பிட்டால் எழும்பிப் போய், அவரைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். கண்டிப்பானவர். “இது உம்மட அம்மாவில உமக்கிருக்கிற பாசம், ஆய்வில்லை,” என்று ஒருநாள் ஒரு பக்கம் முழுவதையும் குறுக்கே கோடிழுத்தார். யூஜினாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து திருப்பி வாசித்தபோது மிஸ் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

பல்கலைக்கழகத்துக்கு ஒரு பதிவேடு கொடுக்க வேண்டும். மேற்பார்வையாளரும் மாணவரும் பன்னிரண்டு முறை சந்தித்ததற்கான பன்னிரண்டு கட்டங்கள் அதில் இருக்கும். ஒவ்வொன்றிலும் திகதி, நேரம், இரண்டு கையெழுத்து. இடம் துறை அலுவலகம் என்று அச்சிலேயே இருந்தது. வேலை நாட்களில் மட்டும் என்று கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. அந்தத் துறையில் எல்லோருமே அதைக் கடைசி நாளில் ஒரே மூச்சில் நிரப்புவதுதான் வழக்கம். அதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை.

யூஜினாவின் பதிவேடு மட்டும் மற்றவர்களுடையதைப் போல் இருக்கவில்லை. கந்தோரில் செய்வதைப் போலவே செய்தாள். போன வருஷக் கலண்டரை எடுத்து, பன்னிரண்டு செவ்வாய்க்கிழமைகளைத் தெரிந்தெடுத்தாள். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குச் செவ்வாய்தான் விசேஷம் என்பதால் அந்த நாள் அவள் வாயில் முதலில் வரும். அதில் ஒன்று பௌர்ணமிப் போயா விடுமுறை என்று கண்டு அதை வெட்டி அடுத்த செவ்வாயைப் போட்டாள். நேரம் பிற்பகல் மூன்றரை. ஒரே பேனையில் எழுதினால் ஒரே நாளில் எழுதியது தெரியும் என்று மூன்று பேனை கொண்டுபோனாள். மிஸ் சமையலறையில் அப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு வந்து, யூஜினா நீட்டிய பேனைகளால், யூஜினா காட்டிய இடங்களில் கையெழுத்துப் போட்டார். திகதிகளைப் பார்க்கவும் இல்லை.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கடைசி இரண்டு அத்தியாயங்களையும் யூஜினா ஒரு வியாழக்கிழமைதான் அனுப்பினாள். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். மூன்று மாதம் தவணை கேட்டு எழுதும், இது இன்னும் வேகவில்லை என்று மிஸ் சொன்னார். யூஜினாவுக்கு மனம் கேட்கவில்லை. இந்த முறை முடித்தால்தான் அடுத்த ஆய்வுப் பட்டத்துக்கு இந்த வருஷமே விண்ணப்பிக்கலாம். கெஞ்சினாள் என்று சொல்ல முடியாது. அவளுக்குக் கெஞ்சத் தெரியாது. போனை வைக்காமல் நின்றாள். கடைசியில் மிஸ் சரி என்றார்.

பெறுபேறு வந்தபோது ஐம்பத்தெட்டு. சித்தியடைய அது போதும். ஆனால் அடுத்த பட்டத்துக்கு அறுபது வேண்டும். வகுப்பு வாட்சப் குழுவில் எல்லோரும் கைதட்டும் படங்களாகப் போட்டுக்கொண்டிருக்க, யூஜினா துறைமுக வாசலில் வெயிலில் நின்று அந்த இலக்கத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பரீட்சகரின் குறிப்பில் ஒரு வரி இருந்தது. கடைசி அத்தியாயங்கள் போதிய வழிகாட்டல் இன்றி எழுதப்பட்டவை போலத் தெரிகின்றன.

அந்த வரியைப் பிடித்தவன் புவாத். கூடப் படித்தவன், புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரிடம் கிளார்க். சட்டம் படித்தவர்களைவிட அவனுக்குத்தான் விதிகள் கூடத் தெரியும் என்று வகுப்பில் பகிடி பண்ணுவார்கள்.

“மார்க்ஸ் பத்தாது எண்டு அப்பீல் போட ஏலாது, யூஜினா,” என்றான். “பரீட்சகர்ட தீர்ப்ப யாரும் தொட மாட்டாங்க. நடந்த முறையில பிழை இருந்தா மட்டும்தான் கேப்பாங்க. மிஸ் ஒங்களுக்கு ஒழுங்கா மீட்டிங் வெச்சாவா?”

“வெச்சாங்க.”

“பதிவேட்டுல இருக்கிற நாள்லயா?”

ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி அவனுக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை. அவன் அதற்கு மேல் கிண்டாமல், மேன்முறையீட்டுப் படிவம் எங்கே எடுக்கலாம் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அந்தக் கிழமை அவள் செய்ததை நினைக்கும்போது பிறகு அவளுக்கே விளங்காத ஒன்று, எவ்வளவு அமைதியாக அதைச் செய்தாள் என்பதுதான். கோபம் இல்லை, பதற்றம் இல்லை. கந்தோரில் விரல் வைக்கும் இயந்திரத்தின் பதிவை எடுத்துத் தரும்படி கணக்காளரிடம் கேட்டாள். பதினொரு செவ்வாய்க்கிழமைகளிலும் அவள் ஐந்தரைக்குத்தான் வெளியே போயிருந்தாள். பன்னிரண்டாவது செவ்வாய் காய்ச்சலில் வீட்டில் இருந்திருக்கிறாள். அதற்கு மருந்துச் சீட்டு இருந்தது. அதையும் சேர்த்தாள். இணைப்பு ஒன்று பதிவேட்டின் பிரதி, இணைப்பு இரண்டு விரல் பதிவு, இணைப்பு மூன்று மருந்துச் சீட்டு. கடிதத்தை இங்கிலீஷில் எழுதினாள். பதிவேட்டில் காட்டப்பட்ட திகதிகளில் சந்திப்புகள் நடைபெறவில்லை என்று ஒரே ஒரு வரி. அதில் பொய்யென்று ஒரு சொல்லும் இல்லை.

அச்செடுத்து உறையில் போடும்போது, அம்மா என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். அவருக்காகத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். மிஸ் என்னை அந்த நாட்களில் சந்திக்கவில்லை என்று வந்தபோது நிறுத்திவிட்டாள். இங்கிலீஷில் ஆவணமாக இருந்தது தமிழில் கோள் சொல்வதாக இருந்தது. ஒன்றுமில்லை அம்மா, மார்க்ஸைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்று முடித்துவிட்டாள். அடுத்த நாள் பதிவுத் தபாலில் போட்டாள்.

மூன்று மாதம் கழித்து மறுமொழி வந்தது. மேன்முறையீடு ஏற்கப்பட்டது. ஆய்வேடு வேறொரு பரீட்சகருக்குப் போய், அறுபத்துமூன்று. இறுதி முடிவு மேற்பார்வை தொடர்பான விசாரணைக்கு உட்பட்டது என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

பிறிஜெற் அறுபத்துமூன்றைக் கொண்டாடினார். அந்தோனியார் தந்தது என்று தெருவெல்லாம் சொன்னார். செவ்வாய்க்கிழமை பாண் வாங்கிக் கோவிலடியில் ஏழைகளுக்குக் கொடுத்தார். மகளையும் கூட்டிப்போய் அவள் கையாலும் கொடுக்க வைத்தார். பாணை நீட்டும்போது யூஜினாவால் வாங்குகிறவர்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதே கையோடு பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றாள். பொய் சொன்னேன் சுவாமி என்றாள். பின்னால் முப்பது பேர் நின்றார்கள். சுவாமியார் என்ன பொய் என்று கேட்கவில்லை. மூன்று அருள்நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். முழந்தாளில் நின்று சொன்னாள். எழும்பியபோது முழங்கால்தான் வலித்தது. வேறொன்றும் மாறவில்லை.

மிஸ்ஸின் அழைப்பு அந்தக் கிழமைதான் வந்தது. கந்தோரில் எல்லோருக்கும் நடுவில் போன் அடிக்க, யூஜினா படிக்கட்டுக்கு ஓடினாள்.

“யூஜினா, ஒரு விஷயம் கேக்கவேணும்,” என்றார் மிஸ். குரலில் கோபம் இருக்கவில்லை. “என்னட்ட விளக்கம் கேட்டு எழுதியிருக்கினம். அந்தச் செவ்வாய்க்கிழமையளைப் போட்டது நானோ நீரோ? எனக்கு உண்மையா ஞாபகமில்லை.”

“நான்தான் மிஸ்.”

“அப்ப அதை நான் எழுதலாமோ?”

சொல்ல வேண்டியது ஓம் என்ற ஒரு சொல். அதற்குப் பதிலாக அவள் வாயில் வந்தது வேறு.

“எழுதினா, என்ட மார்க்ஸ் என்ன ஆகும் மிஸ்?”

மறுமுனையில் ஒரு ரயில் போகும் ஓசை மட்டும் கேட்டது.

“சரி, விடும்,” என்றார் மிஸ். “மாணவியில பழியைப் போடுறன் எண்டு சொல்லுவினம். அது எனக்கு இன்னும் பிழை.” பிறகு அப்பா கூப்பிடுகிறார் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்றைக்கு யூஜினா பதினான்கு வருஷத்தில் முதன்முறையாக ஒரு விலைப்பட்டியலில் இலக்கத்தைப் பிழையாக அடித்தாள். முதலாளி ஏசவில்லை, சுகமில்லையா என்று கேட்டார். யாராவது ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த வருஷம் மிஸ்ஸுக்குப் பதவி உயர்வு வர இருந்தது. கஞ்சி காய்ச்சிக்கொண்டே சொல்லியிருக்கிறார். உயர்ந்தால் அப்பாவுக்கு முழுநாளும் ஆள் வைக்கலாம் என்று. அது யூஜினாவுக்குக் கடிதம் எழுதும்போதும் தெரியும். தெரிந்துதான் இணைப்பு மூன்றைச் சேர்த்தாள்.

இரண்டு கிழமை கழித்து, ஆய்வுப் பட்டத்துக்கான விண்ணப்பப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தாள். பரிந்துரைப்பவர் என்ற இடத்தில் கை நின்றது. அவளைப் பற்றி எழுதக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான். படிவத்தை மடித்து வைத்துவிட்டு வேறு தாள் எடுத்தாள். பீடாதிபதிக்கு, இந்த முறை தமிழில் எழுதினாள். திகதிகளைத் தெரிந்தெடுத்தவள் நான். பேனைகளைக் கொண்டுபோனவள் நான். பத்தொன்பது ஞாயிற்றுக்கிழமைகள் அவர் தமது வீட்டில் வைத்து எனக்கு வழிகாட்டினார். கடைசி அத்தியாயங்களை அவர் திருத்தாததற்குக் காரணம் நான் பிந்திக் கொடுத்ததே. அரை நாள் லீவு போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கவுண்டரில் இருந்த பெண் முத்திரை குத்திவிட்டு, இதற்கும் இணைப்பு இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டாள். இல்லை என்றாள் யூஜினா.

வெளியே வந்து மிஸ்ஸுக்குப் போன் எடுத்துச் சொன்னாள். மிஸ் சந்தோஷப்படுவார் என்று ஏன் நினைத்தாளோ தெரியாது.

“இப்ப ஏன் குடுத்தனீர்?” என்றார் மிஸ். முதல் முறையாகக் கோபம் தெரிந்தது. “நான் போன கிழமையே பிழையை ஏற்று எழுதிக் குடுத்திட்டன். திகதியளைப் போட்டது நான்தான் எண்டு. முடியட்டும் எண்டுதான். இப்ப நீரும், போட்டது நான்தான் எண்டுறீர். ரெண்டு கடிதமும் இடிக்குது. இனி ரெண்டு பேரையும் கூப்பிடுவினம்.”

உங்களைக் கேட்காமல் எழுதிவிட்டேன் என்றாவது யூஜினா சொல்லியிருக்கலாம்.

மிஸ் சொன்னபடியே கூப்பிட்டார்கள். ஒரு புதன்கிழமை காலை, இரண்டாம் மாடி நடைபாதையில் ஒரே மர வாங்கில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மிஸ் மெலிந்திருந்தார். வாங்கின் இந்த ஓரத்தில் அவர், அந்த ஓரத்தில் யூஜினா. நடுவில் இன்னும் இரண்டு பேர் இருக்கலாம். அப்பா எப்படி என்று கேட்டாள். இருக்கிறார் என்றார் மிஸ்.

“மன்னிச்சுக்கொள்ளுங்க மிஸ்,” என்றாள் யூஜினா. அதைச் சொல்வதற்கு அவளுக்கு நான்கு மாதம் பிடித்திருந்தது.

மிஸ் அவளைப் பார்க்கவில்லை. “உள்ள போய் அதைச் சொல்லிக்கொண்டு நிக்காதையும். ஞாயிற்றுக்கிழமையளைச் சொல்லும்.”

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள்: தலைவராக ஒரு பேராசிரியர், அவருக்குப் பக்கத்தில் சட்டப் பிரிவு அம்மையார் ஒருவர், மடிக்கணினியில் பதிவு செய்ய ஒரு கிளார்க். விசாரணை இங்கிலீஷில் நடந்தது. மேன்முறையீட்டின் காரணம் விழுந்தால் பழைய ஐம்பத்தெட்டுத்தான் நிற்கும், அது விளங்குகிறதா என்று தலைவர் முதலிலேயே கேட்டார். விளங்குகிறது என்றாள். யூஜினா ஞாயிற்றுக்கிழமைகளைச் சொன்னாள். எத்தனை மணிக்குப் போனாள், எந்த ஞாயிறு எந்த அத்தியாயம், மிஸ் எந்தப் பக்கத்தைக் கோடிழுத்து வெட்டினார், அப்பாவுக்காக எத்தனை தரம் எழும்பிப் போனார், எல்லாவற்றையும் சொன்னாள். வாழ்க்கையில் அவள் ஒரே மூச்சில் அவ்வளவு நேரம் பேசியதில்லை. பக்கத்துக் கதிரையில் மிஸ் கைகளை மடியில் வைத்தபடி, யாரோ வேறு ஒருவரைப் பற்றிக் கேட்பவரைப் போல இருந்தார்.

தலைவர் அவளுடைய முதற் கடிதத்தைக் கையில் எடுத்தார். மூன்று இணைப்புகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“இவ்வளவு கவனமாக எல்லாவற்றையும் இணைத்திருக்கிறீர்கள்,” என்றார். “இந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி மட்டும் ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை?”

மறந்துபோயிற்று என்று சொல்லலாம். கேட்கவில்லை என்று சொல்லலாம். இரண்டும் அவள் நாக்கில் வந்து நின்றன.

“எழுதியிருந்தால் எனக்கு மார்க்ஸ் கிடைத்திருக்காது, சேர்.”

அறையில் கிளார்க் தட்டச்சு செய்யும் சத்தம் மட்டும் இருந்தது. அதுவும் பாதியில் நின்றது. கிளார்க் தலையை நிமிர்த்தி, கடைசியாகச் சொன்னது சரியாகக் கேட்கவில்லை, பதிவுக்காக ஒருமுறை மெதுவாகச் சொல்ல முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்.

மிஸ் அப்போதுதான் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

யூஜினா அதை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொன்னாள்.